வலைக் கொட்டிலில் இறைச்சிச் சட்டி

கொழும்புத்துறைக் கத்தரீனா அரைக் கிலோ மாட்டிறைச்சியில் இரண்டு நாள் வீட்டை ஓட்டியவள். இறைச்சியைப் பொடிப்பொடியாகவும் உருளைக்கிழங்கைப் பெரிது பெரிதாகவும் வெட்டுவாள். வினாகிரியும் உப்பும் மஞ்சளும் பிரட்டி முதல் நாளே ஊற வைத்துவிடுவாள். தேங்காய்ப் பால் அவளுக்குக் கட்டுப்படியாகாது. இரண்டு கிழங்கை மசித்துக் குழம்பில் கரைத்துவிட்டால் பாண் தோய்க்கிற பதத்துக்குத் தடித்துவிடும். இறைச்சிக் கடைக்காரர் சும்மா போட்டுவிடுகிற பெரிய எலும்பொன்றும் சட்டிக்குள் கிடக்கும். அந்த எலும்பு மகன் றஞ்சித்துக்கு. அவள் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

புருஷன் மரியரட்ணத்தைக் கடல் விட்டுவைத்தது, சாராயம் விட்டுவைக்கவில்லை. அப்போது றஞ்சித்துக்கு ஒன்பது வயது. நண்டுக் கொம்பனியில் நாள் முழுக்க நின்று, ஓட்டுக்குள் இருந்து சதையைக் கிள்ளிக் கிள்ளியே கத்தரீனா அவனைப் படிப்பித்தாள். விரலில் கீறல் ஆறாத வருடங்கள் அவை. படித்தவன் அரசாங்கக் கந்தோருக்கு வேலைக்குப் போனான், அங்கே தர்சினியைக் கண்டான், கட்டினான். கொக்குவிலில் மாமனார் நடராசா சீதனமாகக் கொடுத்த மதில் வீட்டில் குடியிருந்தான். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போவது ஊர் வழக்கம்தான். அதில் குறை சொல்ல அவளுக்கு வாயில்லை. ஆனால் சைக்கிளில் அரை மணித்தியால தூரத்தில் இருப்பவன், இரண்டு வருடமாக உயிர்த்த ஞாயிறுக்குக்கூட வந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. சைவப் பிள்ளையைக் கட்டினவன், அவளுக்காக மாட்டை விட்டுவிட்டான் போலும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டிருந்தாள்.

"இந்த முறை வாறன் அம்மா" என்று போனில் சொன்னான். அவ்வளவுதான், மனிசிக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. தவக்காலம் முழுக்க இறைச்சி படாத சட்டியைச் சாம்பல் போட்டு மினுக்கினாள். ஞாயிறு காலைப் பூசை கண்டுவிட்டு வந்து அடுப்பை மூட்டினாள்.

பத்து மணிக்குக் கறி இறக்கும் நேரம், றஞ்சித் பின்படலையால் தனியே ஓடி வந்தான்.

"என்னம்மா மணம்? மாடே?"

"ஓம் ராசா, உனக்குத்தானே."

"ஐயோ! தர்சினியோடை மாமாவும் வந்து முன்னுக்குக் காருக்குள்ளை இருக்கிறார். எங்கடை வீட்டிலை மாடு சமைக்கிறேல்லை எண்டெல்லோ கலியாணத்துக்கு முதல் நான் அவருக்குச் சொன்னனான். உதை எங்கையாவது ஒளிச்சு வையுங்கோ!"

சொல்லிக்கொண்டே சாம்பிராணித் தட்டைத் தேடி எடுத்துத் தானே புகை போட்டான். கத்தரீனா சுடுசட்டியைச் சீலைத் துண்டால் பிடித்து, வளவின் கோடியில் மரியரட்ணம் விட்டுப்போன வலைக் கொட்டிலுக்குக் கொண்டுபோனாள். எத்தனையோ பட்டவள்தான். சொந்தச் சட்டியைக் கள்ளிபோலத் தூக்கிக்கொண்டு நடந்தது அன்றைக்குத்தான்.

நடராசா நல்ல மனிசன், அதுதான் வினை. கேக்கைச் சாப்பிட்டார், சோடாவைக் குடித்தார், பிறகு மனம் திறந்து கதைத்தார்.

"கோவிக்கக் கூடாது சம்பந்தியம்மா. சாப்பாட்டு விசயத்திலைதான் நாங்கள் முதல் கொஞ்சம் யோசிச்சது. இஞ்சை மாடு சமைக்கிறேல்லை எண்டு தம்பி சொன்னாப் பிறகுதான் மனம் ஆறினது. அப்பிடித்தானே?"

றஞ்சித் குனிந்து சாம்பிராணித் தட்டை ஊதினான்.

"ஓம்" என்றாள் கத்தரீனா. இரண்டு நாளைக்கு முன், பெரிய வெள்ளிக்கிழமை, இயேசுவைத் தெரியாது என்று இராயப்பர் மறுதலித்த பாடத்தைக் கோயிலில் வாசித்தபோது அவரை மனதுக்குள் ஏசியவள் அவள்.

கிளாசுகளைக் கழுவ என்று தர்சினி குசினிக்குள் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மாமி, கவலைப்படாதேங்கோ. எனக்கு அந்த மணம் தெரியும். இவர் கிழமைக்கு ரெண்டு தரம் டவுனிலை மாட்டிறைச்சிக் கொத்துரொட்டி சாப்பிட்டிட்டுத்தான் வாறவர். நான் ஒண்டும் சொல்லுறேல்லை. அப்பாவுக்கு மட்டும்தான் தெரியாது."

பிள்ளை ஆறுதலுக்குத்தான் சொன்னது. கத்தரீனாவுக்கோ அது வேறு விதமாய் விளங்கியது. மாட்டை அவன் விடவில்லை. தாயின் சட்டியைத்தான் விட்டிருக்கிறான். கொத்துரொட்டிக் கடையில் அவன் யாருடைய மகன் என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே அவர்கள் வெளிக்கிட்டுவிட்டார்கள். கத்தரீனா சட்டியைத் திரும்பக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தாள். அவளுக்குப் பசிக்கவில்லை.

பின்னேரம் ஐந்து மணிக்கு மோட்டார்சைக்கிள் ஒன்று பின்படலையில் வந்து நின்றது. றஞ்சித் தனியே வந்திருந்தான்.

"அம்மா, கறி கிடக்குதே? பாணோடை கொஞ்சம் தாங்கோவன். அந்த எலும்பையும் போடுங்கோ."

கத்தரீனா குசினி வாசலை விட்டு அசையவில்லை.

"என்ன கறி? எங்கடை வீட்டிலை மாடு சமைக்கிறேல்லை, தம்பி."

அவன் சிரித்தான். பிறகு தாயின் முகத்தைப் பார்த்தான், சிரிப்பு நின்றது.

"அம்மா, அது நான் சும்மா..."

"உன்ரை மாமாவுக்கு முன்னாலை ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இனி என்னாலை சொல்லு மாறேலாது. நீ போட்டு வா."

அவன் மோட்டார்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

அதன் சத்தம் ஒழுங்கையைத் தாண்டித் தெருவுக்குப் போகும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்து மூடியைத் திறந்தாள். எலும்பை எடுத்துத் தன் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொண்டு நிலத்தில் இருந்தாள். உறிஞ்சிப் பார்த்தாள், உள்ளே இருக்கிற மஜ்ஜை வரவில்லை. கோப்பையில் தட்டிப் பார்த்தாள், அப்போதும் வரவில்லை. எத்தனை வருடம் பிள்ளை அதை உறிஞ்சுவதை எதிரே இருந்து பார்த்தவள். ஆனாலும் எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.