களிமண் குட்டைக்குச் சொறி வந்த கோடை

அரசு அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தால் முதலில் ஒப்புகை அனுப்ப வேண்டும். தாமதமானால் இடைக்காலப் பதில், பிறகு இறுதிப் பதில். தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்றால் உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு மனுதாரருக்கும் தகவல் தர வேண்டும். பிற்காலத்தில் இந்த விதிகளை வைத்துத்தான் நான் சம்பளம் வாங்கினேன் என்பதால் அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். விதியில் ஒரு குறையும் கிடையாது. என் அப்பா அனுப்பிய மனுவுக்கு மட்டும் அவை பொருந்தாமல் போயின.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு ஏழு வயது. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால், களிமண் எடுத்த பள்ளம் ஒன்று மழைநீர் தேங்கிக் குட்டையாகிவிட்டிருந்தது. அந்தக் கோடையில் எங்கள் தெருக் கிணறுகள் வற்றியதும் பெண்கள் குட்டைத் தண்ணீரைச் சேலைத் துணியில் வடிகட்டிக் கொண்டுவந்தார்கள். குடிக்கக் கூடாது என்று அங்கே ஒரு பலகை இருந்தது. வேறு எதைக் குடிப்பது என்று எழுதப் பலகையில் இடம் போதவில்லை போலும்.

ஒரு நாள் காலையில் குட்டை முழுக்க எட்டணாக் காசு அளவில் கண்ணாடிக் குடைகள் மிதந்தன. விரிந்தன, சுருங்கின, மேலே வந்தன, விழுவதுபோல் கீழே இறங்கின. தண்ணீரின் நிறமே அவற்றுக்கும் இருந்ததால், அடியில் வெள்ளை மண்மேல் ஊர்ந்த நிழல்களைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். கடலூரிலிருந்து ரயிலில் மீன் கொண்டுவந்து விற்கும் அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இது சொறியில்ல? கடல்ல இது வந்துச்சுன்னா வலையத் தூக்க முடியாது. பட்ட எடமெல்லாம் தடிச்சிப்பூடும். இதையா வடிகட்டிக் குடிச்சீங்க?"

குடத்தோடு நின்ற அம்மா தண்ணீரை அங்கேயே கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

தெருவே கலங்கியபோது சந்தோஷமாக இருந்தவர் சித்தப்பா ஒருவர்தான். கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தவர், விடுமுறைக்கு வந்திருந்தார். கடல் சொறிக்கு, அதாவது ஜெல்லி மீனுக்கு, இது தூரத்துச் சொந்தம், நல்ல தண்ணீரிலும் அபூர்வமாக வரும் என்றார். ஒரு பாட்டிலில் சிலவற்றைப் பிடித்தும் வைத்தார். மறுநாள் அவை கரைந்துபோய்ப் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டின்போது அப்பாவுக்கு விளக்கினார்.

"இது நேத்து வந்ததில்லண்ணே. மொதல்ல கடுகுல பாதிதான் இருக்கும், கல்லுல ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். வருசக்கணக்கா இருக்குறதே தெரியாது. தண்ணி சூடாவணும், தீனியும் கெடைக்கணும். ரெண்டும் அமைஞ்சா மொட்டு விட்டுக் கூட்டங்கூட்டமாக் கெளம்பிடும். குளுந்துபோனா மறுபடி சுருங்கித் தூங்கும்."

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சேலைத் துணி குடைகளைத் தடுத்திருக்கும். கடுகில் பாதியைத் தடுக்குமா?

சில வாரங்களில் அம்மா சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். பட்டறையில் சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வரையும் வேலை அவளுக்கு. அப்பா அந்த வேலைக்குப் போகவேண்டாம் என்று நிறுத்திவிட்டார். சூளைச் சூடு ஆகாது என்று பெரியவர்களுக்கே தெரிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். எனக்குப் பிறகு இரண்டு தங்காமல் போனதால் இந்த முறை வீட்டில் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் சொல்லப்படாத விஷயத்தை நானே விசாரித்து, நானே அறிக்கை தயாரித்துக்கொண்டேன்.

அம்மாவைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது என் பொறுப்பாயிற்று. அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் விசிறியோடு நின்றேன். வெந்நீர்த் தவலையில் பச்சைத் தண்ணீரைக் கலந்து அடி வாங்கினேன். அப்படியும் அவள் வயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது.

அப்பா தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். குட்டையில் காணப்படும் மேற்படி உயிரினம் கலந்த நீரை அருந்தியவர்களுக்குக் கேடு உண்டா எனத் தெரிவிக்கும்படி, கடலோர ஊரிலிருந்த ஓர் அரசு அலுவலகத்துக்கு மனு எழுதினார். ஒப்புகை வரவில்லை. நினைவூட்டு எழுதினார். அதற்கும் வரவில்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் மனு கொடுக்க இன்னோர் இடம் உண்டு. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சன்னதியில் வெள்ளைத் தாளில் பிராது எழுதிக் கட்டலாம். மூன்று மாதத்துக்குள் தீர்வு என்று நம்பிக்கை. கேட்டது நடந்தால் திரும்பப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு முடியாது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்.

"சொறியப் பத்தித்தானப்பா எழுதுறீங்க?"

"அதப் பத்தியுந்தான்."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குட்டைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு குடைகூட இல்லை. தண்ணீர் குளிர்ந்துவிட்டது, இனி அம்மாவுக்கும் வடிந்துவிடும் என்று நம்பினேன். வடியவில்லை. குளிர் வந்தும் அடங்காத ஒன்று உள்ளே இருக்கிறதென்றால், அதற்குத் தீனி கிடைத்துக்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள்? அப்பாவோ தினமும் பாலும் முட்டையும் வாங்கி வந்தார். ஒரு நாள் அவர் முட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"அம்மாவுக்கு முட்டை குடுக்காதீங்கப்பா. உள்ள இருக்குறது வளந்துடும்."

அவர் கை நின்றது. யார் உனக்குச் சொன்னது என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"வளரட்டும்டா" என்றார் மெதுவாக. "வளரத்தான வேணும்."

என் அப்பாவைப் பார்த்து நான் பயந்தது அந்த ஒரு முறைதான். அதன்பிறகு அவர் கொண்டுவரும் தட்டை அம்மா கையில் கொடுக்கும்போதெல்லாம் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

தை மாதம், ஒரு மத்தியானம், அம்மாவை மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் எனக்குத் தங்கச்சி பிறந்திருப்பதாகச் சித்தப்பா வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். ஊடுருவித் தெரிகிறாளா என்றுதான் முதலில் பார்த்தேன். தெரியவில்லை, சிவப்பாக இருந்தாள். என் விசாரணை அத்தோடு முடிந்துவிட்டது. சொறியை அடியோடு மறந்துபோனேன்.

அப்பா மறக்கவில்லை. பிராதை வாபஸ் வாங்கவும் போகவில்லை. ஏன் தள்ளிப்போடுகிறீர்கள் என்று சித்தப்பா கேட்டதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். தினமும் காலையில் குழந்தையின் கைவிரல் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தடவுவார். காதருகே கை தட்டிவிட்டு அவள் திரும்புகிறாளா என்று காத்திருப்பார். விளக்கை அசைத்து அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். மகளிடம் விளையாடுகிறார் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. விளையாடுகிறவர் ஏன் சிரிப்பதில்லை என்று யோசிக்கத் தோன்றவில்லை.

அடுத்த கோடையிலும் அதே வெயில், அதே குட்டை. ஆனால் ஒன்றுகூட வரவில்லை. இன்னும் என்ன அமைய வேண்டுமோ, சித்தப்பாவுக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் பதில் வந்தது. மேற்படி உயிரினத்தால் மனிதருக்குக் கேடு நேர்ந்ததாகத் தெரியவில்லை, நீரைக் காய்ச்சிக் குடிக்கவும் என்று இரண்டே வரி. அப்பா நின்றுகொண்டு படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். அம்மாவிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டுக் குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து மணவாளநல்லூருக்கு மிதித்தார்.

"குட்டையிலதான் ஒண்ணுமே இல்லியேப்பா. இப்ப எதுக்குப் போறோம்?" என்று கேட்டேன். அவர் இன்னும் வேகமாக மிதித்தார். திரும்பிப் பார்த்தேன், முகம் நனைந்திருந்தது. எதிர்க்காற்றில் மண் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கண்ணைக் கசக்காதீங்கப்பா என்றேன்.

பதிலில் தேதி போட மறந்துவிட்டிருந்தார்கள், விதிப்படி அது பிழை. வீடு திரும்பியதும் அப்பாவே அதன் ஓரத்தில் தன் அலுவலகக் கையெழுத்தில் எழுதிவைத்தார்: வந்து சேர்ந்த நாள், ஆடி பதினெட்டு.