பழைய இரும்புக் கடையில் ஒரு படகு

அந்தப் படகு எங்கள் தெருவுக்குள் லாரியில் குப்புறக் கவிழ்ந்தபடி வந்தது. தண்ணீர் லாரி வந்தால் ஓடி வருகிற தெரு அன்று படகைப் பார்க்க ஓடி வந்தது. ராஜபாளையத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரைநாளாவது பஸ்ஸில் உட்கார வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசி மாதம் அது.

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டை ஒட்டிய காலி மனையில் அத்தா பழைய இரும்புக் கடை வைத்திருந்தார்கள். ஏதோ ஓர் அணைக்கட்டில் நடந்து வந்த படகுத்துறையை மூடி, சாமான்களை ஏலம் விட்டபோது, குழாயும் கம்பியும் கிடைக்கும் என்று போன அண்ணன், மொத்தமாக எடுத்த சரக்கோடு படகையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அத்தா கையிலிருந்த கம்பியால் படகின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

"இரும்பும் இல்ல, பித்தளையும் இல்ல. பைபரு. இத எவன்லே எடைக்கு வாங்குவான்?"

படகு மனையின் மூலையில் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று அதற்குள் அடைகாக்க ஆரம்பித்தது.

அப்போது அண்ணனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மதினி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. எங்கள் அம்மா தவறிப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெண் வந்தால் வீடு பழையபடி ஆகிவிடும் என்று அத்தா நினைத்திருந்தார்கள். ஆனால் மதினி வைத்த குழம்பு அம்மா வைத்த குழம்பாக இல்லை. எல்லாவற்றிலும் தேங்காய். அத்தா குறை சொல்ல மாட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிடுவார்கள். திட்டியிருந்தால்கூட மதினி பதிலுக்கு அழுது தீர்த்திருப்பாள். மாமனாரும் மருமகளும் ஒரே வீட்டில் பேச்சில்லாமல் எட்டு மாதம் கழித்தார்கள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அவள் என்னிடம், "அடுத்த மாசம் ஊருக்கு எங்க உம்மாவப் பாக்கப் போறேன். போனா வருவேனான்னு தெரியல. ஒங்க அண்ணன்கிட்ட சொல்லிராத" என்றாள். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். பத்துப் பக்கத்தைப் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்த நான், அவள் மடித்து வைத்த துணியை எடுத்து அலமாரியில் அடுக்கினேன்.

படகோடு வந்த இன்ஜின் ஒரு சாக்குக்குள் இருந்தது. அதை உடைத்தால் அலுமினியமாவது தேறும் என்று அத்தா ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் சம்மட்டியை எடுத்துவரச் சொன்னார்கள். சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வந்த மதினி, சாக்கை விலக்கிப் பார்த்தவள், அப்படியே அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, இத ஒடைக்காதிய. இது சாகல. மூச்சு அடைச்சிருக்கு, அம்புட்டுத்தான்."

அத்தா என்னைப் பார்த்தார்கள். அவர்களிடம் அவள் பேசிய முதல் நீளமான பேச்சு அது. பிறகுதான் எங்களுக்கே தெரியவந்தது. அவளுடைய வாப்பா மீன்பிடி வள்ளங்களில் மாட்டுகிற இன்ஜின்களைப் பழுது பார்க்கிறவர். வீட்டு முற்றம்தான் பட்டறை. அவள் அந்த முற்றத்தில் வளர்ந்தவள். பெண் பார்க்கப் போனபோது அதை யாரும் கேட்கவும் இல்லை, அவர்களாகச் சொல்லவும் இல்லை.

"எத்தன நாளு வேணும்?" என்றார்கள் அத்தா.

"பத்து நாளு குடுங்க மாமா. ஓடலேன்னா நானே ஒடைச்சுத் தாரேன்."

அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் குழம்பு தேங்காயில்லாமல் இருந்தது. துருவ அவளுக்கு நேரமில்லை. இன்ஜினின் சுற்றுக்கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் மண்ணெண்ணெயும் ஆயிலும் ஊற்றி, இரண்டு நாள் சும்மா விட்டாள். மூன்றாம் நாள் கயிறு சுற்றுகிற சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். அது முனகிக்கொண்டு ஒரு சுற்று சுற்றியபோது அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பிறகு பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து, இன்ஜின் உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அண்ணனைக் கயிற்றை இழுக்கச் சொன்னாள். பொறி வரவில்லை. சக்கரத்தின் அடியில் பொறியைக் கிளப்புகிற பாயிண்டு புளிய இலை அளவுக்கு இருந்தது. அதில் பாசி மாதிரி பச்சை படிந்திருந்தது. அதைச் சுத்தம் செய்து மறுபடி இழுத்தபோது நீலமாக ஒரு பொறி தெறித்தது. அண்ணன் விசிலடித்தான். கார்பரேட்டரில் எண்ணெய் வருகிற கண்ணில் அடைத்திருந்த பிசினை ஒற்றைச் செம்புக் கம்பியால் குத்தி எடுத்து வாயால் ஊதினாள். தண்ணீர் இழுக்கிற ரப்பர்ச் சக்கரம் விறைத்து உடைந்திருந்தது. அதை மட்டும் அவள் வாப்பா பஸ் கண்டக்டர் வழியாகக் கொடுத்தனுப்பினார்.

அண்ணன் மதுரைக்குப் போய்ப் பைபர் துணியும் பசையும் வாங்கி வந்தான். கோழி குஞ்சு பொரித்து இறங்கியதும், இருவரும் படகின் விரிசலை அடைத்தார்கள். ஒன்பதாம் நாள் தண்ணீர் நிறைந்த டிரம்மில் இன்ஜினைத் தொங்கவிட்டு இழுத்தார்கள். இருமியது, நின்றது, மறுபடி இருமியது, பிறகு தெரு முழுக்கப் புகையை விட்டுக்கொண்டு ஓடியது. பக்கவாட்டுத் துளையிலிருந்து மெல்லிய தண்ணீர்த்தாரை பீய்ச்சியதைக் காட்டி மதினி, "தண்ணி துப்புதா பாருங்க. துப்புனா சூடாகாது" என்றாள். அத்தா டிரம்மைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்கள்.

அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் ஒரு கண்மாய் கரைதொட்டு நிற்பதை நான் பஸ்ஸிலிருந்து பார்த்து வந்து சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் படகைக் கொண்டுபோய் இறக்கினோம். கரையில் திருவிழாக் கூட்டம். மதினியும் அண்ணனும் நானும் ஏறிக்கொண்டோம். கூட்டத்திலிருந்து ஒருவர், "என்ன பாய், மருமக ஓட்டுனா நீங்க ஏற மாட்டியளோ? பயமா?" என்று கேட்டுவிட்டார். அத்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி ஏறிவிட்டார்கள். அத்தாவுக்கு நீச்சல் தெரியாது.

நடுக்கண்மாய் வரைக்கும் படகு அழகாகப் போனது. முகத்தில் சாரல் அடித்தது. மேற்கே மலை கழுவிவைத்தது போல் நின்றது. திடீரென்று அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் முன்னைவிட வேகமாக அலறியது. படகு மட்டும் நகரவில்லை. மதினி இன்ஜினை அணைத்தாள். காற்று எங்களைக் கலிங்கலின் பக்கம், தண்ணீர் வழிந்து ஓடும் இடத்துக்கு, மெதுவாகத் தள்ள ஆரம்பித்தது. அத்தா படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள்.

"போச்சா?" என்றார்கள்.

"இன்ஜினுக்கு ஒண்ணும் இல்ல மாமா. அடியில வெட்டுன கருவேல முட்டு கெடக்கு, அதுல தண்ணியத் தள்ளுற விசிறி இடிச்சிட்டு. விசிறி ஒடையக்கூடாதுன்னு ஒரு சின்ன பின்னு வச்சிருப்பாவ. அது தன்னைக் குடுத்து அதக் காப்பாத்திருக்கு. வேற பின்னு போட்டா ஓடும்."

"பின்னுக்கு எங்க போக?"

அவள் முகம் அப்போதுதான் வாடியது. அவள் கொண்டுவந்த டப்பாவில் ஸ்பேனர் இருந்தது, குறடு இருந்தது, பின் இல்லை. அத்தா விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்தார்கள். தெருவில் நடக்கும்போது கண்ணில் படுகிற ஆணி, நட்டு எதையும் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற பழக்கம் அவர்களுக்கு. அதற்காக அம்மா வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறாள். பைக்குள் கைவிட்டு, கிடைத்ததையெல்லாம் அள்ளி நீட்டினார்கள். நல்ல ஆணிகள் மூன்று இருந்தன.

மதினி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, இன்ஜினைத் தூக்கி நிறுத்திப் பின்பக்கமாகக் குப்புறத் தொங்கினாள். அண்ணன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். அத்தா மரியாதைக்காக முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி, அவள் கேட்கக் கேட்க ஒவ்வொரு ஆணியாகக் கொடுத்தார்கள். முதல் ஆணி தடிமன். இரண்டாவது தண்ணீரில் விழுந்தது. கலிங்கலின் இரைச்சல் பக்கத்தில் கேட்டது. நான் கலிமா சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆணி உள்ளே போனது. அவள் அதன் தலையைக் குறடால் வெட்டி, வேலையை முடித்து நிமிர்ந்தபோது முகமெல்லாம் சேறு.

"மெதுவாப் போவோம். ஆணிதான, தாங்கணும்."

தாங்கியது. கரை ஏறியதும் அத்தா நேராகப் போய், பயமா என்று கேட்டவரிடம், "இப்ப நீரு ஏறும்வே" என்றார்கள்.

வீட்டுக்கு வரும்போதுதான் நான் பயந்துகொண்டே அத்தாவிடம், மதினி துணி மடிக்கும்போது சொன்னதைச் சொன்னேன். அன்று மதியம் அத்தா தட்டைக் காலி செய்து, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பிறகு மதினியைப் பார்க்காமல், என்னைப் பார்த்தும் சொல்லாமல், பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார்கள்.

"ஊருக்குப் போகணும்னா போயிட்டு வரட்டும். வரும்போது அந்த ரப்பர்ச் சக்கரம் ரெண்டு, பின்னு ஒரு டசன் வாங்கிட்டு வரணும். மறந்துறக் கூடாது."

மதினி பத்து நாளுக்கென்று போனவள் எட்டாம் நாளே திரும்பினாள். கையில் பார்சலும் கருவாடும் இருந்தன.

படகைக் கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவர் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கோடையில் கண்மாய் வற்றி வெடித்துக் கிடந்தபோது, அது கரையில் ஏதோ கேலி போல நின்றது. அதற்குள் அத்தா மனையின் மூலையில் நாலு தகரம் போட்டு, இன்ஜின் பழுது பார்க்க ஒரு கொட்டகை கட்டியிருந்தார்கள். தண்ணீர் இறைக்கிற இன்ஜினுக்கும் படகு இன்ஜினுக்கும் மூச்சு அடைப்பது ஒரே இடத்தில்தான் என்று மதினி சொல்லியிருந்தாள்.

முதலில் வந்தது வத்திராயிருப்பில் கிணறும் தோட்டமும் வைத்திருந்த சம்சாரி ஒருவர். பம்பு இன்ஜினை மாட்டுவண்டியிலிருந்து இறக்கப்போனவர், கொட்டகைக்குள் ஸ்பேனரோடு நின்ற மதினியைப் பார்த்ததும் இறக்காமல் நிறுத்திக்கொண்டார்.

"பாய், மெக்கானிக் இல்லியா? இந்தப் புள்ளையா பாக்கும்?"

நான் அன்று லீவு. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தா தராசில் கம்பி நிறுத்துக்கொண்டிருந்தவர்கள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கடல்ல ஓடுறதப் பாத்து வளந்த புள்ள. ஒம்ம கெணறு எம்மாத்திரம்? எறக்கி வையும்."

அவர் இறக்கி வைத்தார்.