ஓட்டு வீட்டுக்காரர் கலியாணசுந்தரம்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, இன்னும் நாலைந்து மாதம் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் காஜா பெராங்கில் ஆலங்கட்டி மழை பெய்தது. மலாக்காவில் அப்படியொன்று விழும் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. வெள்ளைக்காரன் கிளம்பப் போகிறான், போகிற போக்கில் தன் ஊர் மழையில் கொஞ்சத்தை இங்கே கொட்டிவிட்டுப் போகிறான் என்று சந்தில் பேச்சு எழுந்தது. வானிலை ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது. எல்லோரும் குவளையும் சட்டியுமாக வாசலுக்கு ஓடினார்கள். பக்கத்து வீட்டு ருக்மணி முறத்தையே நீட்டி ஐஸ் பிடித்து, ரோஸ் சிராப்பில் போட்டுக் கலக்கினாள்.

"அண்ணே, வாங்கண்ணே! காசில்லாத ஐஸ்! இப்ப விட்டா அடுத்த ஜென்மந்தான்!"

கலியாணசுந்தரம் வரவில்லை. தன் முன்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே, பித்தளைத் தட்டைக் கரண்டியால் யாரோ விடாமல் தட்டுவதுபோல் ஒரு சத்தம். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் ஓடு உடைந்துகொண்டிருந்தது.

சந்தில் இருந்த அத்தாப்புக் கூரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டிகள் ஓலையில் விழுந்து சறுக்கிப் போய்விட்டன. தகரக் கூரைகள் ஊரைக் கூட்டிக் கத்தின, அங்கங்கே குழி விழுந்தன, ஆனால் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தச் சந்தின் ஒரே ஓட்டு வீடு கலியாணசுந்தரத்துடையது. உயர்ந்தவர்களுக்குத்தான் சோதனை வரும் என்பார்கள் அல்லவா, வந்தது. பின்பக்கச் சரிவில் பாதி போயிற்று. உள்ளறையில் அவர் மனைவி சந்திரமதி படுத்திருந்த கட்டிலின் மேல் வானம் தெரிந்தது.

கலியாணசுந்தரம் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். ஆயர் குரோ பக்கம் போகிற பஸ்களில் அவர் ஏறினால், டிக்கெட் வாங்கியவர்களும் பயந்து எழுந்து நிற்பார்கள். டிக்கெட்டை வாங்கி முன்பக்கம் பார்ப்பார், திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார், பிறகு ஆளின் முகத்தைப் பார்ப்பார். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிராது. இருந்தாலும் பார்ப்பார். இந்தக் கண்டிப்பால் அவருக்குப் பல எதிரிகளும் ஒரு வீடும் கிடைத்தன. சந்து முனையில் இருந்த மலாய் பேசும் செட்டிக் குடும்பம் ஒன்று விற்றுவிட்டுப் போன பழைய பலகை வீடு. பலகையைக் கறையான் அரித்திருந்தது. அவர் பலகையைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார், முன்பணம் கொடுத்துவிட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. புக்கிட் காதிலுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் தகரக் கூரை போட்ட தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அவர். கல்யாணமும் அந்தத் தகரத்துக்குக் கீழேதான். ஜெயா என்று ஒரு பெண் குழந்தை பிறந்து, நடக்கப் பழகி, ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தது. அன்று சாயங்காலம் அடைமழை. சந்திரமதி வெளியே அடுப்படியில் இருந்தாள். கலியாணசுந்தரம் அதே அறையில், குழந்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மறுநாள் பால்வெட்டுக்குக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தகரத்தின் மேல் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் வாயசைவுதான் தெரியும். கத்தி நன்றாகத் தீட்டப்பட்டது. திரும்பிப் பார்த்தபோது குழந்தைக்கு மூச்சு இல்லை.

அவள் 'அப்பா' என்று கூப்பிட்டிருப்பாள் என்பது அவருடைய முடிவு. கூப்பிடவேயில்லை என்பது சந்திரமதி சொல்லும் ஆறுதல். இரண்டில் எது உண்மை என்பதைத் தகரம் யாருக்கும் சொல்லவில்லை. அந்த மாதமே தோட்டத்தை விட்டார். இனித் தகரத்துக்குக் கீழே படுப்பதில்லை என்று முடிவெடுத்தார். இந்த விரதத்தை அவர் யாரிடமும் விளக்கியதில்லை. அதனால் சந்து அதைத் திமிர் என்று சுருக்கமாகப் புரிந்துகொண்டது.

இப்போது அந்தக் கூரைதான் உடைந்துவிட்டது. வாடகைக்கு இருந்த காலத்தில் ஒழுகினால் வீட்டுக்காரரை ஆசை தீரத் திட்டலாம். சொந்த வீட்டில் அந்த வசதி இல்லை. அவர் முதலில் காப்பீட்டு ஏஜெண்டிடம் போனார். ஏஜெண்ட் அனுதாபத்தோடு பத்திரத்தைப் படித்தார்.

"இது தீ விபத்துக் காப்பீடு சார். கூரை எரிஞ்சிருந்தா உடனே கொடுத்திருப்போம். உங்க மேல விழுந்தது ஐஸ். நெருப்புக்கு நேர் எதிர்."

அந்தத் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஓட்டையெல்லாம் கூரையில் இருந்தது.

அடுத்தது துக்காங், கூரை ஆசாரி. கூரை வேலை தெரிந்த தச்சர்கள் எல்லோரும் மெர்டேக்கா வளைவுகள் கட்டப் போயிருந்தார்கள். சுதந்திரம் நடந்து வருவதற்கு ஊரெங்கும் வளைவு வேண்டியிருந்தது, வளைவுக்கு ஆள் வேண்டியிருந்தது, ஆளுக்குக் கூலி இரண்டு மடங்காகியிருந்தது. கடைசியில் கருணாகரன் என்ற வயதான ஆசாரி அகப்பட்டார். அவர் கூரையில் ஏறி, இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டார்.

"தகரம் போட்டா நாளைக்கே முடிச்சிரலாம். கையில இருக்கிற காசே போதும். ஓடுன்னா..."

"ஓடுதான்."

"என்னங்க," என்று உள்ளறையிலிருந்து சந்திரமதி கூப்பிட்டாள். பேசுவதற்கு முன் இருமி முடிக்க வேண்டியிருந்தது. "எனக்குத் தகரம் போதுங்க. நனையாம இருந்தாச் சரி."

அவளுக்கு நெஞ்சில் நோய். என்ன நோய் என்று அந்த வீட்டில் யாரும் பெயர் சொன்னதில்லை. டாக்டர் மட்டும் சொன்னார்: ஈரம் ஆகாது, மழைக்காலத்துக்குள் காய்ந்த அறை வேண்டும், இல்லாவிட்டால் தாங்காது. முன்கூடத்தில் வந்து படுக்கச் சொன்னால் மறுத்துவிட்டாள். அங்கே படுத்தால் இருமல் தெருவுக்குக் கேட்கும், தெரு நோய்க்குப் பெயர் வைத்துவிடும், பிறகு ருக்மணி சிராப்புக் குவளையை நீட்டமாட்டாள். ஆக, கட்டிலுக்கு மேலே தார்ப்பாயைக் கட்டி, ஒழுகும் அறையிலேயே மானத்தோடு இருந்தாள்.

"மழை தொடங்கறதுக்குள்ள ஓடு போட்டுடுவேன்," என்றார் கலியாணசுந்தரம்.

"எந்த மழை?" என்றாள் சந்திரமதி.

ஜாலான் பெண்டஹாராவில் பழைய சாமான் வியாபாரம் செய்த ஜெய்னுலாப்தீனிடம், இடித்த வீடு ஒன்றின் ஓடுகள் குவிந்து கிடந்தன. சிவப்பு, நல்ல கனம், தட்டினால் வெண்கலம் மாதிரி நாதம்.

"பாருங்க தம்பி, ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாருங்க. உங்க வீட்டு ஓட்டுல ஒண்ணு கொண்டாந்து வச்சுப் பார்த்துட்டு எடுத்துக்கிட்டாலும் சரி," என்றார் ஜெய்னுலாப்தீன். சொல்லிக்கொண்டே தேநீர் வரவழைத்தார். கூடவே வாடா என்ற இறால் வடையும் வந்தது.

இங்கேதான் விதி விளையாடியது. தேநீர் வாங்கிக் கொடுத்த மனிதர் முன்னால் அவர் சரக்கைப் புரட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று கலியாணசுந்தரம் நினைத்தார். ஊரிலுள்ள அத்தனை டிக்கெட்டையும் திருப்பிப் பார்த்தவர், வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கினார்.

அதற்காக ரேடியோ போயிற்று. சந்திரமதியின் வளையல்கள் போயின. அவை எப்படியும் மெலிந்த கையில் நிற்கவில்லை என்று அவளே கழற்றிக் கொடுத்தாள்.

கருணாகரன் ஆசாரி முதல் ஓட்டைக் கூரையில் வைத்தார், எடுத்தார், திருப்பினார், இன்னொன்றையும் திருப்பினார். பிறகு இறங்கி வந்து இரண்டையும் தரையில் கவிழ்த்து வைத்தார்.

"உங்க வீட்டு ஓட்டுக்குப் பின்னாடி யானை முத்திரை. இதுல நட்சத்திரம். வேற வேற ஃபேக்டரி. ஒண்ணோட உதடு இன்னொண்ணுல மாட்டாது. தண்ணி உள்ளே வரும்."

"வைச்சு அழுத்திப் பாருங்க."

"அழுத்தினா உடையும். பாய்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க அண்ணே, நல்ல மனுசன், வாங்கிக்குவாரு."

ஜெய்னுலாப்தீன் வாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் அதற்கு, பார்க்காமல் வாங்கினேன் என்று டிக்கெட் பரிசோதகர் ஒருவர் தன் வாயால் சொல்லவேண்டும். கலியாணசுந்தரம் வேறு வழி கண்டுபிடித்தார்: தவறு ஓட்டில் இல்லை, சட்டத்தில். ஓட்டுக்குத் தகுந்தபடி கூரைச் சட்டங்களையெல்லாம் பிடுங்கி, இடைவெளி மாற்றி, புதிதாக அடித்துவிட்டால் நட்சத்திர ஓடு தானாக உட்கார்ந்துவிடும். உடையாமல் இருந்த யானை ஓடுகளை இறக்கிவிடலாம். ஆசாரி அவரை ஒரு கணம் பார்த்தார். கூலி என்பது கூலிதான் என்று மறுபடி ஏறினார்.

இப்படியாக, பாதி உடைந்த கூரை முழுதாகப் பிரிக்கப்பட்டது. சட்டத்துக்காகக் கொல்லைப்புறம் ரம்புத்தான் மரத்தோடு விலை போயிற்று. வாங்கியது ருக்மணியின் புருஷன்.

அப்போது நடராஜன் வந்தார். மெர்டேக்கா கொண்டாட்டக் குழுவின் செயலாளர். கையில் கொடி, கக்கத்தில் ரசீதுப் புத்தகம்.

"நம்ம சந்து வழியாத்தான் ஊர்வலம் திரும்புது சார். உங்களோடதுதான் ஒரே ஓட்டு வீடு. முன்பக்கம் மட்டும் பளிச்சுன்னு இருந்துட்டா நம்ம ஆளுங்களுக்கே பெருமை. பின்பக்கம் யாரு பார்க்கப்போறா?"

பின்பக்கத்துக்குக் கீழே கிடந்தவள் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் குழுவில் இல்லை.

கலியாணசுந்தரம் முன்சரிவுக்கு முதலில் ஓடு போட்டார். முன்சரிவு முடிந்தபோது ஓடும் முடிந்தது, காசும் முடிந்தது. ஊர்வலம் வந்தது, மேளம் வந்தது, நடராஜன் அந்தக் கூரையைக் காட்டி யாரிடமோ ஏதோ சொன்னார். ருக்மணி, "அண்ணே, முன்னால அரண்மனை, பின்னால வானம்! மெர்டேக்கா அண்ணே!" என்று கை தட்டினாள். தேசம் சுதந்திரம் அடைந்த அந்த வாரம் முழுக்க உள்ளறையில் ஈரம் காயவில்லை.

மழை வலுக்கத் தொடங்கியதும் சந்திரமதி எழுந்து உட்காருவதற்கே முடியாமல் போயிற்று. ஒரு காலையில் அவர் அவள் போர்வையைப் பிழிந்து காயப்போட்டார். அதில் சிவப்பாக ஒரு கறை இருந்தது. அன்றைக்கே வேலைக்குப் போகாமல் கடைக்குப் போய், கடனுக்குத் தகரம் வாங்கிவந்தார். ஆசாரி பேசியபடி ஒரே நாளில் முடித்தார். உள்ளறை காய்ந்தது. சந்திரமதிக்கு இரண்டு கன்னத்திலும் கொஞ்சம் ரத்தம் வந்ததுபோல் இருந்தது.

"இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாம்ல?"

"மழை வந்தா நீ கூப்பிடறது கேக்காது."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷத்தில் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"கேக்கும்," என்றாள். "அடுப்படியில இருக்கிற பித்தளைத் தட்டையும் ஒரு கரண்டியையும் பக்கத்துல வச்சிட்டுப் போங்க. வேணும்னா தட்டறேன். மழைக்கு மேலயும் கேக்கும்."

வைத்தார். மழையில்லாத நேரத்தில் ஒத்திகையும் பார்த்தார்கள். அவள் தட்டினாள், அவர் முன்கூடத்திலிருந்து வந்தார். மறுபடி தட்டினாள், மறுபடி வந்தார். அந்த வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு அன்று இருவரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு அடித்தது. தகரத்தின் மேல் விழுந்த மழை வீட்டையே விழுங்கிவிட்டது. கலியாணசுந்தரம் முன்கூடத்தில் நாற்காலியில் இருந்தார், காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார். மழைக்கு நடுவே அந்தச் சத்தம் கேட்டது. பித்தளைத் தட்டைக் கரண்டியால் விடாமல் தட்டுகிற சத்தம்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆலங்கட்டி!

குடையைக்கூட எடுக்காமல் வாசலுக்கு ஓடினார். ரேடியோவும் வளையலும் ரம்புத்தான் மரமும் மேலே சிவப்பாக அடுக்கியிருந்தன. மழைத்தண்ணீர் கண்ணில் இறங்க, அண்ணாந்து வரிசை வரிசையாகப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். வெறும் மழைதான். ஓர் ஓடுகூட விரிசல் விடவில்லை. நட்சத்திர ஓடு நல்ல உறுதியான ஓடு. அவருக்கு மூச்சு வந்தது. காலைக் கழுவிக்கொண்டு, தலையைத் துவட்டிக்கொண்டு, அந்த நல்ல செய்தியைச் சொல்ல உள்ளறைக்குப் போனார்.

கரண்டி தரையில் கிடந்தது. தட்டு அவள் வயிற்றின் மேல் கவிழ்ந்திருந்தது.

துக்கத்துக்கு எல்லோரும் வந்தார்கள். ஜெய்னுலாப்தீன் மூலையில் உட்கார்ந்திருந்தார். ருக்மணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், அதில் பொய் இல்லை. நடராஜன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு மழையிலயும் ஒரு சொட்டு இல்ல பாருங்க," என்று பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்.

வருஷம் திரும்புவதற்குள் கலியாணசுந்தரம் தகரத்தைப் பிரித்துவிட்டு உள்ளறைக்கும் ஓடு போட்டார். ஆள் தனி, செலவு குறைந்துவிட்டது, காசு தானாகச் சேர்ந்தது. இந்தத் தடவை ஒவ்வோர் ஓட்டையும் திருப்பிப் பார்த்து வாங்கினார், எல்லாம் நட்சத்திரம். கூரை இப்போது பூரணம். எவ்வளவு மழை அடித்தாலும் வீட்டுக்குள் அமைதி, கடிகாரம் ஓடுவது கேட்கும். பக்கத்து வீட்டில் ருக்மணி தேநீர் கலக்கும் கரண்டிச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும். அது கேட்கிறபோதெல்லாம் அவர் நாற்காலியை விட்டு எழுந்து, உள்ளறை வரைக்கும் போய், எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்.