நூற்றிருபதுக்கு எண்பது

"பிரஷர் பட்டையை ஒழுங்கா சுத்துய்யா. சட்டை மேல சுத்தாத, அவன் சட்டைக் கையை உருட்டி மேல ஏத்து."

காலை ஷிப்டுக்கு முன்னால் மேல்வீட்டுக்காரர் தொழிற்சாலையின் மருத்துவ அறையில் கம்பவுண்டரை அதட்டியபடி நிற்கிறார். இருபத்திரண்டு வருஷம் கிரேன் கூண்டில், ஐம்பதடி உயரத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் கீழே இருந்தவர்கள் வைத்த பெயர் அது. இப்போது ஸ்டோரில் சீட்டு எழுதுகிறார். இங்கே வரச்சொல்லி யாரும் அழைக்கவில்லை. அவர் தலை தெரிந்தாலே கம்பவுண்டரின் முகம் சுண்டிவிடும்.

போன வருஷம் இரும்புத் தகட்டை இறக்கும்போது, நிறுத்தச் சொல்லிக் கீழிருந்தவன் கைகாட்டினான். "கண்ணு பார்த்துடுச்சு. கைக்குச் சேதி போகல" என்பார். தகடு அவன் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அன்றே சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினார். அதற்கு முன்பே மகள் சண்டைபிடித்துக்கொண்டிருந்தாள்: "கேட்டதுக்குப் பதில் வர இவ்ளோ நேரமாப்பா? எங்க மேல என்ன கோபம்?"

ஸ்கேனில் மூளைக்குள் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பல வருஷமாக அடங்காத ரத்த அழுத்தம் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுத்து, மூளைக்குள் சேதி கடத்தும் இழைகளைப் பழுதாக்கிவிட்டது என்றார் டாக்டர். போனதை மீட்க முடியாது. மாத்திரையால் அழுத்தத்தை அடக்கினால், இனி போவதைக் குறைக்கலாம்.

அன்று மேல்வீட்டுக்காரர் நேரே இங்கே வந்து ரத்த அழுத்தப் பதிவேட்டைப் புரட்டினார். அவர் பெயருக்கு நேரே ஆறு வருஷம், மாதாமாதம், 120/80.

"மனுஷனுக்குப் பார்த்தியா, சுவத்துக்குப் பார்த்தியா?"

"தலைவலி, மயக்கம்னு நீங்க ஒரு நாளாவது சொன்னீங்களாண்ணே?"

"அது சொல்லிட்டு வர்ற வியாதியா இருந்தா நீ எதுக்குய்யா இங்க?"

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மேல்வீட்டுக்காரரின் கையெழுத்தே இருந்தது. நேரமாகிறதென்று, பட்டை கையில் ஏறாமலே போட்டுவிட்டு ஓடியவை. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது?

இன்று புதுக் கிரேன்காரன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறான். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. லாரி நிக்குது." கம்பவுண்டர் பட்டைக்குள் காற்றை அடித்துவிட்டு, மீட்டர் ஊசி இறங்குவதற்குள் பதிவேட்டில் 'நூற்றிரு...' என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி எழுதக் குனிகிறார். மேல்வீட்டுக்காரர் அவர் விரலிலிருந்து பேனாவை உருவுகிறார்.

இறங்கும் ஊசி நூற்றிருபதுக்கு வெகு மேலே, நூற்று எழுபதிலேயே துடிக்கத் தொடங்குகிறது. வெளியே சூப்பர்வைசர் கத்துகிறார். கிரேன்காரன் எழப் பார்க்கிறான்.

மேல்வீட்டுக்காரர் அவன் தோளை அழுத்தி உட்காரவைக்கிறார். பதிவேட்டை இழுத்து அவன் மடியில் போட்டு, பேனாவை அவன் விரல்களுக்குள் திணிக்கிறார்: "ஊசி துடிச்ச நம்பரை நீயே எழுது."