எட்டாவது பாட்டுக்கு ஒரு மணி நேரம்

ஹனாதியின் முதல் ஆல்பத்தை அம்மான் நகரமே முணுமுணுத்தது. பள்ளியில் அவள் வரைபடம் வரையக் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்வரிசையிலிருந்து அந்த ஆல்பத்தின் ஒரு வரி கிளம்பும். திரும்பிப் பார்த்தால் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று முகத்தை வைத்துக்கொள்வார்கள் அந்தப் பிள்ளைகள். பகலில் பூகோள டீச்சர், மாலையில் கிதாரை மாட்டிய ராக் பாடகி. ஆறு வருஷமாக இரண்டாவது ஆல்பம் வரவில்லை. முதலாவது ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று ஊர் பேச ஆரம்பித்திருந்தது. ஊருக்கென்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறது?

ஒருவழியாக ஏழு பாட்டு பதிவானதும் தொண்டை மக்கர் செய்தது. குரல்நாணில் இரண்டு சின்னக் கட்டி. வகுப்பில் கத்தியதால் வந்ததாம், பாட்டால் இல்லையாம். அதை ஒரு ஆறுதலாகச் சொன்னார் டாக்டர்.

"ஞாயித்துக்கிழமை ஆபரேஷன். அதுவரைக்கும் காப்பியைத் தொடாதீங்க. பழைய குரலே திரும்பும்னு என்னால எழுதித் தர முடியாதும்மா."

அன்றைக்கே வீட்டுக்குப் போய் எட்டாவது பாட்டை எழுதினாள். பயத்தைப் பற்றிய பாட்டு. அதை இந்தக் குரலில்தான் பாட வேண்டும். வேறு குரலில் பாடினால் அது வேறு யாருடைய பயமோ ஆகிவிடும்.

லுவைப்தே மேட்டில் ஒரு பழைய கட்டடம். அதன் கீழ்த்தளத்தில் ஒலிப்பதிவு செய்கிற முன்திரின் அறை. புதன்கிழமை பாடுவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை காலையில் மேல்வீட்டு அபூ ஃபவ்வாஸ், ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர், மாரடைப்பில் போய்விட்டார். சாவு விழுந்த கட்டடத்தில் நாற்பது நாள் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. டி.வி.யைக்கூட ஊமையாக்கித்தான் பார்ப்பார்கள். மற்ற ஸ்டுடியோக்களில் ஒரு மாதத்துக்கு இடமில்லை.

"நாப்பது நாள்தானே, பொறு" என்றான் முன்திர்.

"அப்ப யாருடா பாடுவா? என் தொண்டையா, டாக்டர் குடுக்கப்போற தொண்டையா?"

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனாள். பாட்டைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று தன்னையே மிரட்டிக்கொண்டு படியேறினாள். சுவரோரம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கரை போடாத காப்பி வந்தது. கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. வாய்வரை கொண்டுபோன பிறகுதான் டாக்டர் ஞாபகம் வந்தது. கோப்பையை அப்படியே முன்னாலிருந்த குட்டி மேசையில் வைத்துவிட்டாள்.

எல்லாப் பெண்களின் கண்ணும் அந்தக் கோப்பைமேல் விழுந்தது. அந்த ஊர் வழக்கத்தில் காப்பியைக் குடிக்காமல் கீழே வைப்பவர்கள் பெண் கேட்டு வருகிறவர்கள், கொலைப்பழிக்கு மன்னிப்புக் கேட்டு வருகிறவர்கள். வந்த காரியத்துக்கு வீட்டார் சம்மதம் சொன்ன பிறகுதான் குடிப்பார்கள். என்ன செய்துவிட்டோம் என்று ஹனாதிக்கு அப்போதுதான் உறைத்தது.

"சாவு வீட்டுல வந்து என்ன கேக்கப்போறாளாம்?" என்றாள் இறந்தவரின் தங்கை, எல்லார் காதிலும் விழும்படி.

இறந்தவரின் மனைவி உம் ஃபவ்வாஸ் நாத்தனாரைப் பார்க்கவே இல்லை. "காப்பியைக் குடி, அம்மாடி. நீ வந்த காரியம் ஆச்சு."

டாக்டர் காப்பி கூடாதென்றார் என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். அதுதான் உண்மையும்கூட. ஆனால் நாக்கு வேறு பக்கம் புரண்டது.

"பெரியம்மா... நாளைக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் கீழ பாடணும். ஞாயித்துக்கிழமை தொண்டையில கத்தி வைக்கிறாங்க."

யாரோ "அல்லாஹ்வே!" என்றார்கள். உம் ஃபவ்வாஸின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சொன்னது சொன்னதுதான். குடி."

குடித்தாள். வெட்கத்தில் உடம்பு எரிந்தது. உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைக்கத்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள்.

"இந்தக் கட்டடம் இவ்வளவு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல" என்றான் முன்திர்.

அவள் ஹெட்போனை இறக்கிக் காது கொடுத்தாள். மூன்று நாளாக இரவும் பகலும் மேலே ஒலிநாடாவில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தது. இப்போது அது கேட்கவில்லை. ஒரே ஓட்டமாகப் படியேறினாள். பெண்கள் மடியில் கையை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் நிறுத்தினீங்க பெரியம்மா? போடுங்க. நான் பாடல."

"அந்தச் சத்தம் உன் பாட்டுல விழும்னு எனக்குத் தெரியாதா? வாக்கைப் பாதியாக் குடுக்கிற பழக்கம் இந்த வீட்டுல இல்ல. அவரு ஒரு மணி நேரம் பொறுத்துக்குவாரு. போ, பாடு."

இறங்கி வந்து பாடினாள். இரண்டாம் சரணத்தில் குரல் கிழிந்தது. முன்திர் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினான். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கடைசி வரி வரைக்கும் போனாள்.

"நடுவுல போயிடுச்சு, ஹனாதி. இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. இன்னொரு தடவை பாடிடலாம்."

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"மேல போய் முடிஞ்சிடுச்சு, குர்ஆனைப் போடுங்கன்னு சொல்லு. அவரைக் காக்க வைக்காதே."