நாலு மோட்டாரும் ஒரு டிரான்ஸ்பார்மரும்

நாம் டிசைன் செய்த சாமான் ஒர்க்‌ஷாப்பில் சாதுவாக ஓடிவிட்டு, வாங்கினவர் கைக்குப் போனதும் மானத்தை வாங்கும். இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி மேல் புகார்

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். கரண்ட் வந்ததும் கிணற்று மோட்டாரைத் தானே ஓடவைக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர்தான் என் முதல் டிசைன். கோபிசெட்டிபாளையம் பக்கத்து விவசாயி சின்னசாமி அதைச் சாக்கில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தார். மோட்டார் ஓடவில்லை, குலை தள்ளுகிற வாழை காய்கிறது என்றார். மேசைமேல் வைத்து இருபது தடவை போட்டேன். இருபது தடவையும் வேலை செய்தது. “பெட்டியில ஒண்ணுமில்லீங்க” என்றேன், பெருமையாக.

“அப்ப என்ற வாழையத்தான் இங்க கொண்டாந்து நடோணுமுங்களா, அம்மணி?”

பிரச்சினை எது?

இன்னொரு பெட்டி திரும்பி வந்தால் டிசைனையே நிறுத்திவிடுவேன் என்றார் முதலாளி. தீர்வைத் தேடும் முன் பிரச்சினையை ஒரு வரியில் எழுது என்று கல்லூரியில் படித்திருந்தேன். ‘ஸ்டார்ட்டர் பழுது’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

தோட்டத்தில் மீட்டரை மாட்டிக் காத்திருந்தேன். கரண்ட் வந்தது, வந்த வேகத்தில் வோல்டேஜ் தொப்பென்று விழுந்து ஸ்டார்ட்டர் நின்றது. ஏன்? வரப்பில் நடந்து பார்த்தேன். பக்கத்துத் தோட்டங்கள் மூன்றிலும் என் பெட்டியேதான்! ஒரே டிரான்ஸ்பார்மரில் நாலு மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பின, அது தாங்கவில்லை.

“நல்ல சாமான்னு நாந்தானுங்க அவங்களையும் வாங்கச் சொன்னேன்” என்றார் சின்னசாமி.

நாலாம் நிமிடம்

கரண்ட் வந்தபின் எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்று வைக்க, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு திருகு மாட்டினேன். ஒன்றிலிருந்து நாலு வரை. ஆளுக்கொரு நிமிடமாகப் பேசிப் பிரித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் சின்னசாமி போன் செய்தார். பழைய கதைதான், வாழை இலையெல்லாம் தொங்கிவிட்டதாம். அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

போய்த் திறந்தால், நாலு திருகும் நாலாம் நிமிடத்தில்! ‘நீங்க முதல்ல எடுத்துக்குங்க’ என்று ஒவ்வொருவரும் மற்றவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். காய்கிற வாழையை வைத்துக்கொண்டு சின்னசாமியும் அதையே செய்திருந்தார். நானே அவருடையதை ஒன்றில் வைத்து, மற்றதை வரிசையாகத் திருப்பி, அரக்கு வைத்து மூடினேன். கரண்ட் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நாலும் ஓடின. வாய்க்காலில் தண்ணீர் போவதைப் பார்த்த சின்னசாமி, என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

“ஏனுங்க அம்மணி, என்றத மொதல்ல வெச்சது நீங்கதான்னு அவங்க மூணு பேருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்க.”

டிசைன் பிழைத்துக்கொண்டது, ஆனால் பிரச்சினையை எழுதும்போது வோல்டேஜுக்குப் பக்கத்தில் மரியாதையையும் எழுத வேண்டும் என்று என் பாடப்புத்தகம் எதிலும் இல்லை.