இடப்பக்கம் விழுந்த பூ

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது நடந்தது இது. என் தங்கைக்கு மார்டள்ளி கிராமத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நிலம், டிராக்டர், ஒரே பையன். அப்பா இல்லாததால் நான்தான் பேசி முடிக்க வேண்டும். எனக்கும் அம்மாவுக்கும் முழுத் திருப்தி. அம்மனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார் அம்மா.

எங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் பூ கேட்பது வழக்கம். அம்மனின் இரண்டு தோளிலும் அர்ச்சகர் ஈரப் பூவை ஒட்டி வைப்பார். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம்.

அம்மா, தங்கை, நான் மூவரும் கால் மணி நேரம் நின்றோம். இடப்பக்கப் பூ விழுந்தது. அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

“தாயி பேடா அந்தாளம்மா, விட்டுடுங்க” என்றார் அர்ச்சகர், பாதிக் கன்னடத்தில். தாய் வேண்டாம் என்றுவிட்டாளாம்.

எனக்கு மனசு ஆறவில்லை. இடத்தோளைப் பார்த்து ஒரு டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோயிலில் அதற்கு முன் ஃபேன் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஆகாதவர்கள் யாரோ அர்ச்சகரைக் கைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்றே நினைத்தேன். யாரிடமும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். ஆனாலும் அன்று சாயங்காலம், கேட்டே விடுவது என்று சட்டையை மாட்டினேன்.

வாசலில் தங்கை மறித்தாள். “எங்கண்ணா கிளம்பிட்டே?”

“அந்த ஃபேனை யாரு போடச் சொன்னதுன்னு கேக்கணும்.”

“நான்தான். புழுக்கமா இருக்குன்னு சொல்லிப் போடவச்சு, அந்தப் பக்கமா நைசாத் திருப்பிவிட்டேன். பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். அவளே மேலே சொன்னாள்.

“பொண்ணு பார்க்க வந்தப்போ, அவங்கம்மா என் கையைப் புரட்டிப் பார்த்து, இது களை எடுக்கத் தாங்குமான்னு கேட்டாங்க. நீ சிரிச்சுக்கிட்டு நின்னே.”

“பிடிக்கலைன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நீ எப்போ கேட்டே?”

சட்டையைக் கழற்றிவிட்டேன். அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. அம்மன் உத்தரவு தரவில்லை என்று மார்டள்ளிக்குக் கார்டு எழுதிப் போட்டேன். அவர்களும் மறுபேச்சு பேசவில்லை.

பூவைத் தள்ளியது காற்றா, அம்மனா, எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் சாமியிடம் போய்க் கேட்கத் தெரிந்த எனக்கு, ஒரே வீட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த தங்கையிடம் கேட்கத் தோன்றவில்லையே என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.